அன்னம்மா என்னும் பெயர்: அதன் பிறப்பும் பொருளும்

நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புகளையும் எமது சங்கத்தின் முதல் அங்கத்தவர் பட்டியலையும் பிரதிசெய்யும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டபோது, சில வாரங்களில் முடிந்துவிடும் வேலையென்றே எண்ணினோம். தாள்கள் செல்லரித்திருந்தன. மை மங்கியிருந்தது. ஒவ்வொரு பெயரையும் பூதக்கண்ணாடி வைத்து வாசித்து, ஒருவர் சொல்ல ஒருவர் எழுதி, மூன்றாமவர் ஒப்புநோக்கினோம். உதவிக்கு வந்திருந்த உயர்தர வகுப்பு மாணவியரில் ஒருத்தி ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், அன்னம்மா எண்டது சைவப் பேரோ, வேதக்காரற்ற பேரோ?"

கேள்வி நியாயமானது. அவள் முன்னிருந்த பக்கத்தில் சைவக் குடும்பத்து அன்னம்மாவும் இருந்தார், கிறிஸ்தவக் குடும்பத்து அன்னம்மாவும் இருந்தார். பக்கத்தைப் புரட்டினால் அன்னாள், ஆன், ஹன்னா, அனா, அன்னப்பிள்ளை என்று பெயர் பல வேடங்களில் வந்தது. எம்மிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. "இரண்டுந்தான் பிள்ளை" என்று சொல்லி வைத்தோம். பிறகு வீட்டுக்குப் போய் நூல்களைப் புரட்டினோம். தெரிந்தவர்களிடம் கேட்டோம். அப்படிச் சேர்ந்தவற்றையே இங்கு தருகிறோம். இடாப்புகளைப் பிரதிசெய்கையில் எம்மை உறுத்திய வேறொரு விடயமும் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் சொல்வோம்.

மூன்று எழுத்துகள்

எபிரேய மொழியில் இந்தப் பெயர் மூன்றே எழுத்துகளால் ஆனது: ஹெத், நூன், ஹே. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. உயிரொலிகளைப் பெரும்பாலும் வாசிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவிலுள்ள நூன் இரட்டித்து ஒலிப்பதால் பெயர் 'ஹன்னா' என்றாகிறது. முதலெழுத்தின் ஒலி நாம் சொல்லும் ஹகரம் போல மெல்லியதன்று. தொண்டையின் அடியிலிருந்து காற்றை உரசிக்கொண்டு வெளிவருவது. ஆய்த எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பார்த்தால் ஓரளவு கிட்டவரலாம்.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. ஹன்னாவின் வேர் ஹ-ந-ந. இரங்குதல், தயவு காட்டுதல், அருளுதல் என்பன அதன் பொருள். அந்த வேரிலிருந்து வரும் 'ஹேன்' என்ற பெயர்ச்சொல்லுக்குக் கிருபை, தயை, கண்ணுக்கினிய அழகு என்ற பொருள்கள் உண்டு. 'ஹின்னாம்' என்ற இன்னொரு சொல் விலை வாங்காமல், சும்மா கொடுப்பதைக் குறிக்கும். ஆகவே ஹன்னா என்றால் அருள். அதுவும் கைம்மாறு கருதாமல் தரப்படும் அருள். ஆரோனின் குருமார் மக்களை ஆசீர்வதிப்பதற்கென எண்ணாகமத்தில் சொல்லப்படும் மூன்று வரி வாழ்த்திலும், கடவுள் உன்மேல் கிருபையாயிருப்பாராக என்ற இடத்தில் இதே வேர்ச்சொல்லே நிற்கிறது.

இந்த வேரின் குடும்பம் பெரியது. கடவுளின் பெயரை முன்னால் வைத்து 'கடவுள் அருளினார்' என்று பொருள்படும் யோஹானான் என்ற ஆண்பெயரை எபிரேயர் ஆக்கினர். அதுவே கிரேக்கத்தில் யோவான்னேஸ் ஆகி, பின்னர் ஆங்கிலத்தில் ஜோன், ஸ்பானியத்தில் ஹுவான், ரஷ்யத்தில் இவான், ஜேர்மனில் யோகான் என்று உலகெல்லாம் பரந்தது. அதன் பெண்பால் வடிவங்களே ஜோவன்னாவும் ஜேனும். எம் பழைய மாணவியரில் ஆன் என்ற பெயருடையவரும் ஜேன் என்ற பெயருடையவரும் தமக்குள் உறவில்லை என்று நினைத்திருப்பார்கள். பெயரளவில் அவர்கள் ஒரே வேரின் பிள்ளைகள்.

தமிழ்க் கத்தோலிக்கர் இந்த வேரின் பொருளை நன்கு அறிந்திருந்தனர். யோவானை அவர்கள் 'அருளப்பர்' என்றனர். ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்த அழகான மொழிபெயர்ப்பு அது. 1693ஆம் ஆண்டு ஓரியூரில் உயிர்த்தியாகம் செய்த யோன் டி பிரிட்டோ அடிகள் தமிழில் அருளானந்தர் என்றே வழங்கப்படுகிறார். அதே முறையில் ஹன்னாவையும் பொருள்பெயர்த்தால் 'அருளம்மா' என்றுதான் வரும். எமது இடாப்பில் அருளம்மாக்களுக்கும் குறைவில்லை.

எபிரேயரின் அயலவரான பினீசியரும் இதே வேரைப் பயன்படுத்தினர். அவர்களுடைய மொழி எபிரேயத்துக்குச் சகோதர மொழி. பினீசியர் ஆபிரிக்காவின் வடகரையில் அமைத்த கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த, யானைகளோடு அல்ப்ஸ் மலையைக் கடந்து உரோமரை நடுங்கவைத்த ஹனிபாலின் பெயருக்குப் 'பாலின் அருள்' என்பது பொருள். பால் என்பது அவர்கள் வணங்கிய தெய்வம். உரோமக் கவிஞர் வேர்ஜில் தமது ஈனீட் காவியத்தில் கார்த்தேஜ் அரசி டைடோவின் தங்கைக்கு அன்னா என்று பெயர் சூட்டியிருக்கிறார். வரலாற்றுப் பாடத்தில் ஹனிபாலின் போர்களை மனனம் செய்த நாம், எம் வகுப்பில் பின்வாங்கிலிருந்த அன்னம்மாவுக்கும் அவருக்கும் பெயர்வழி உறவுண்டு என்பதை அன்று அறியவில்லை.

சீலோவில் ஒரு பெண்

இந்தப் பெயரைத் தாங்கிய முதற்பெண்ணாக வேதாகமம் காட்டுபவர் சாமுவேலின் தாய். சாமுவேல் முதலாம் புத்தகம் அவருடைய கதையோடுதான் தொடங்குகிறது. இஸ்ரவேலில் அரசர் தோன்றுவதற்கு முன்னைய காலம் அது. எப்பிராயீம் மலைநாட்டு எல்க்கானா என்பவருக்கு இரு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் இருந்தனர், அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் குடும்பம் எருசலேமுக்கு வடக்கேயிருந்த சீலோ என்ற வழிபாட்டிடத்துக்குப் பலிசெலுத்தப் போகும். ஆண்டுதோறும் பெனின்னாள் அவரைக் குத்திக்காட்டுவார், அன்னாள் சாப்பிடாமல் அழுவார். கணவர் ஆறுதல் சொல்வார். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலல்லவா என்று அவர் கேட்பதாக வருகிறது. அதற்கு அன்னாள் பதில் சொன்னதாக இல்லை.

ஒருமுறை அவர் தனியே எழுந்து ஆலயத்துக்குப் போனார். ஓர் ஆண்பிள்ளை பிறந்தால் அவனைக் கடவுளுக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டார். அவருடைய உதடுகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. வாசற்படியருகே அமர்ந்திருந்த ஏலி என்ற குரு அதைப் பார்த்து, இந்தப் பெண் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கண்டித்தார். அன்னாள் பணிவாக, ஆனால் தெளிவாக மறுமொழி சொன்னார். தாம் குடிக்கவில்லை, மனத்திலுள்ள துயரத்தைக் கடவுள் முன் ஊற்றிக்கொண்டிருந்ததாகவும், தம்மைக் கெட்டவளாக எண்ணவேண்டாம் என்றும் அவர் சொன்னார். ஏலி தமது எண்ணத்தை மாற்றி அவரை வாழ்த்தி அனுப்பினார். விடைபெறும்போது அன்னாள், உமது கண்களில் எனக்குத் தயை கிடைக்கட்டும் என்ற கருத்தில் பேசுகிறார். எபிரேய மூலத்தில் அங்கே வரும் சொல் 'ஹேன்'. தம் பெயரின் பொருளையே அவர் கேட்டுப் பெறுகிறார். தமிழில் வாசிக்கும்போது இந்த நயம் எமக்குத் தெரிவதில்லை.

பிள்ளை பிறந்தது. அதற்குச் சாமுவேல் என்று பெயரிட்டவரும் அன்னாள்தான். கடவுளிடம் கேட்டுப் பெற்றேன் என்று காரணமும் அவரே சொல்கிறார். பால்குடி மறந்ததும் நேர்ந்தபடி பிள்ளையைச் சீலோவில் விட்டார். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலங்கி தைத்துக்கொண்டு போய்க் கொடுத்தார் என்று ஒரு சிறு குறிப்பு உண்டு. பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு அடுத்த தவணைக்குச் சட்டை தைத்த எம் தாய்மாருக்கு அந்தக் குறிப்பை விளக்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளையே பின்னாளில் சவுலையும் தாவீதையும் அரசராக அபிஷேகம் செய்தது.

யூதரின் தல்மூத் இந்தக் காட்சியை நுணுக்கமாக ஆராய்கிறது. எப்படிச் செபிக்க வேண்டும் என்ற விதிகளை ரபிமார் அன்னாளிடமிருந்தே எடுத்தனர். செபிப்பவர் மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும், உதடுகள் சொற்களை உருவாக்க வேண்டும், குரலை உயர்த்தக்கூடாது என்றனர். இன்றும் யூதர் நின்றுகொண்டு மெல்லிய குரலில் சொல்லும் முதன்மைச் செபத்துக்கு முன்மாதிரி இந்தப் பெண்தான். அதே பக்கங்களில் இன்னும் இரண்டு பாடங்கள் உள்ளன. செய்யாத குற்றம் தம்மேல் சுமத்தப்பட்டவர் வாய்திறந்து அதை மறுக்க வேண்டும், அன்னாள் மறுத்தாரே. பிறரைத் தவறாகச் சந்தேகித்தவர் அவரைச் சமாதானப்படுத்தி வாழ்த்தவும் வேண்டும், ஏலி வாழ்த்தினாரே. பிள்ளையில்லாத ஒரு பெண், அதிகாரமுள்ள ஒரு குருவைத் திருத்தியதிலிருந்து எடுக்கப்பட்ட பாடங்கள் இவை. யூதப் புத்தாண்டின் முதல் நாளில் தொழுகைக்கூடங்களில் அன்னாளின் கதை வாசிக்கப்படுகிறது. தல்மூத் எண்ணிச்சொல்லும் பெண் தீர்க்கதரிசிகள் எழுவரில் அவரும் ஒருவர்.

பெயர் எழுதப்படாத தாய்மார்

இந்தப் பெயரின் வரலாற்றில் எம்மை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த பகுதி இனி வருவது.

மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் ஒரு தாயும் ஏழு மகன்மாரும் வருகிறார்கள். தமது சமய ஆசாரத்தைக் கைவிட மறுத்ததற்காக அந்தியோக்கஸ் மன்னன் காலத்தில் எழுவரும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். தாய் கடைசிவரை நின்று மக்களைத் தேற்றிவிட்டுத் தாமும் இறக்கிறார். அந்தப் புத்தகம் அவருடைய துணிவை மிகவும் புகழ்கிறது. ஆனால் பெயரைச் சொல்லவில்லை. பின்வந்த மரபுகள் அவருக்கு வெவ்வேறு பெயர்களைக் கொடுத்துப் பார்த்தன. இடைக்கால யூத வழக்கில் நிலைத்த பெயர் ஹன்னா. இன்று யூதப் பிள்ளைகள் 'ஹன்னாவும் ஏழு மகன்மாரும்' என்றே அந்தக் கதையைக் கேட்கிறார்கள்.

இயேசுவின் தாய் மரியாளுடைய தாயின் பெயரும் நான்கு நற்செய்திகளில் எங்கும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் எழுந்ததும் வேதாகமத்தில் சேர்க்கப்படாததுமான யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூல்தான் அவருக்கு அன்னா என்று பெயர் தருகிறது. அதன்படி அன்னாவும் கணவர் யோவாக்கீமும் நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்தவர்கள். ஆணானாலும் பெண்ணானாலும் பிறக்கும் பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுப்பதாக அன்னா நேர்ந்துகொள்கிறார். பிறந்தது பெண்பிள்ளை. சாமுவேலின் தாயை நினைத்தே இந்தத் தாய்க்கு அந்தப் பெயர் வழங்கப்பட்டது என்பது வாசிப்பவர் எவருக்கும் விளங்கும்.

திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்தில் அதே தாய் 'இம்ரானின் மனைவி' என்று வருகிறார். தம் வயிற்றிலுள்ளதை இறைவனுக்கு நேர்ந்துவிடுகிறார். பெண்பிள்ளை பிறக்கிறது. அதற்கு மர்யம் என்று பெயரிட்டதாகத் தாமே சொல்கிறார். மகளின் பெயர் தெரிகிறது, தாயின் பெயர் அங்கும் சொல்லப்படவில்லை. இஸ்லாமிய விரிவுரையாளர் அவரை ஹன்னா என்று அழைத்தனர். அரபு மொழியிலும் அந்த வேர் உண்டு. எம்மோடு படித்த முஸ்லிம் சகோதரிகளிடையே வழங்கும் ஹனான் என்ற பெயருக்கு இரக்கம், பரிவு என்று பொருள்.

மூன்று சமயங்களின் மரபுகளும், பெயர் எழுதப்படாத ஒரு தாயைச் சந்தித்தபோது, அவரைப் பெயரில்லாமல் விட்டுவிட மனமில்லாமல் ஒரே பெயரைத் தேர்ந்திருக்கின்றன. அருள் என்ற பொருளுள்ள பெயர் அது.

அன்னாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 14ஆம் நூற்றாண்டளவில் இங்கிலாந்தில் ஒருவகை ஓவியம் பரவத் தொடங்கியது. அன்னா ஒரு புத்தகத்தைத் திறந்து பிடித்திருப்பார், சிறுமியான மரியாள் அதைப் பார்த்து வாசிக்கப் பழகுவாள். எந்தப் பழைய நூலிலும் இல்லாத காட்சி அது. தம் வீடுகளில் செபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த தாய்மாரைப் பார்த்தே ஓவியர் அதனைத் தீட்டினர் எனலாம். கண்ணாடிச் சாளரங்களிலும் செபப் புத்தகங்களிலும் அந்தக் காட்சியை நூற்றாண்டுகளாக மக்கள் பார்த்தனர். மகளுக்குக் கல்வி கொடுக்கும் தாய்க்கும் அன்னா என்ற பெயரே அமைந்தது.

பெயர் எம்மிடம் வந்த வழி

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய வேதம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்படத் தொடங்கியது. ஹெத் என்ற தொண்டையொலிக்குக் கிரேக்கத்தில் எழுத்தில்லை. ஆகவே ஹன்னா, அன்னா ஆனது. இலத்தீன் அதை அப்படியே ஏற்றது. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால், லூக்கா நற்செய்தியில் எருசலேம் ஆலயத்தை விட்டு நீங்காமல் நோன்பிலும் செபத்திலும் வாழ்ந்த முதிய கைம்பெண்ணான தீர்க்கதரிசியின் பெயரும் அன்னா என்றே நிற்கிறது.

ஆங்கில வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுப் பெண் ஹன்னா, புதிய ஏற்பாட்டுப் பெண் அன்னா. முன்னது எபிரேயத்திலிருந்தும் பின்னது கிரேக்கத்திலிருந்தும் வந்ததால், ஒரே பெயர் இரண்டு பெயராகத் தோன்றுகிறது. தமிழ் வேதாகமம் இருவரையும் அன்னாள் என்றே அழைத்தது. ஆங்கிலத்தில் பிரிந்துபோன உறவைத் தமிழ் சேர்த்து வைத்தது எமக்கு மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு.

மத்திய கால ஐரோப்பாவில் புனித அன்னாவின் பக்தி பெருகியபோது பெயரும் பெருகியது. சுரங்கத் தொழிலாளர் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டனர். 1505ஆம் ஆண்டு இடிமின்னலில் சிக்கி உயிருக்கு அஞ்சிய இளைஞர் மார்ட்டின் லூதர், சுரங்கத் தொழில் செய்தவரின் மகன், அன்னாவைக் கூவியழைத்துத் தாம் துறவியாவதாக நேர்ந்துகொண்டது பிரசித்தமானது. பிரான்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்த ஆன் என்ற வடிவம் அரசிகளின் பெயரானது. 1702 முதல் 1714 வரை பிரித்தானியாவை ஆண்ட அரசி ஆன் அவர்களில் ஒருவர். புனிதரின் பெயர்களைவிடப் பழைய ஏற்பாட்டுப் பெயர்களை விரும்பிய சீர்திருத்தக்காரர் ஹன்னாவை மீட்டெடுத்து அமெரிக்காவுக்கும் கொண்டுபோயினர். நான்சி, அனெற், அனீற்றா, அனுஷ்கா என்பனவெல்லாம் ஆன், அன்னாவின் செல்லப் பெயர்களாக வழங்குபவை.

எமது மண்ணுக்கு இப்பெயர் ஒரே கப்பலில் வந்ததன்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் புனிதர் பெயர்களை இட்டனர். அவர்களுடைய மொழியில் இது அனா. 1658இல் வந்த ஒல்லாந்தர் கோயிலோடு பள்ளிக்கூடத்தையும் நடத்தி, ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளித் தோம்புகளில் பதிந்தனர். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். அவர்களோடு நியூ இங்கிலாந்துப் பெயர்களும் வந்தன. பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலரும் உழைத்த தமிழ் வேதாகமம் 1850இல் அச்சாயிற்று. சைவத்தைக் காத்த பெரியாரின் கைபட்ட ஏடுகளிலும் அன்னாளின் கதை உண்டு. கத்தோலிக்கரிடையே புனித அன்னம்மாளின் பக்தி ஆழமாக வேரூன்றியது. இளவாலையில் அவர் பெயரால் ஆலயம் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலவில் அவருடைய திருத்தலத்துக்குத் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக யாத்திரை போகின்றனர்.

அப்படி வந்த பெயருக்குத் தமிழ் ஏற்கெனவே ஆசனம் போட்டு வைத்திருந்தது. அன்னை என்றால் தாய். அன்னம் என்றால் சோறு. தமயந்தியிடம் தூது போன பறவையும் அன்னம். சைவ வீடுகளில் அன்னபூரணி, அன்னலட்சுமி, அன்னப்பிள்ளை, அன்னம்மா என்று பெயரிடும் வழக்கம் வேதக்காரரிடம் கற்றதன்று. எபிரேய ஹன்னாவுக்கும் எமது அன்னத்துக்கும் மொழிவழி உறவு கிடையாது. ஓசை ஒத்தது தற்செயல். ஆயினும் வேற்று மண்ணிலிருந்து வந்த பெயர் இங்கே அந்நியமாகத் தோன்றாமல் போனதற்கு அந்தத் தற்செயலும் ஒரு காரணம். ஹன்னாவோடு எமது 'அம்மா' சேர்ந்தது, அன்னம்மா ஆனார். இனி அந்த மாணவிக்கு நாம் விவரமாகப் பதில் சொல்லலாம். இரண்டு ஆறுகள் வந்து விழுந்த குளம் அந்தப் பெயர். எந்த ஆற்றுத் தண்ணீர் என்பதைக் குடும்பத்தைக் கேட்டுத்தான் அறியலாம்.

இடாப்பில் இல்லாத நிரல்

இப்போது எம்மை உறுத்திய விடயத்துக்கு வருகிறோம்.

அமெரிக்க மிசனின் விடுதிப் பாடசாலைகளில், ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்க உபகாரி தாம் விரும்பும் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் அந்த மிசனுடையதே. அந்நாளில் எமது பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களின் நன்றிக்கடனை நாம் ஒருபோதும் மறுக்கமாட்டோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. அதே மிசனின் ஆண்கள் பாடசாலையில் படித்தவர்களுள் சிலரை நாம் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று இரு பெயராலும் அறிவோம். அவர்கள் நூலெழுதினர், பட்டம் பெற்றனர், இரு பெயரும் நிலைத்தன. பெண்பிள்ளைகளில் எத்தனைபேருக்கு அது வாய்த்தது? பள்ளியில் ஒரு பெயர், விவாகத்தின் பின் கணவரின் பெயர், பிறகு இன்னாரின் தாய். வீட்டில் ஆச்சி அழைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

எமது கல்லூரி இடாப்புகள் மிகவும் பிந்தியவை. அவற்றில் பிள்ளைகளின் சொந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் நிரல்களைப் பாருங்கள்: சேர்விலக்கம், மாணவியின் பெயர், பிறந்த திகதி, தந்தை அல்லது பாதுகாவலரின் பெயர், தொழில், முகவரி, சமயம். தாயின் பெயருக்கு நிரலே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பெண்களுக்கென்று எழுந்த ஒரு கல்விச்சாலையின் ஏட்டில், அந்தப் பிள்ளைகளைப் பெற்று, தலைவாரி, காப்பையோ சங்கிலியையோ அடகுவைத்து அனுப்பிவைத்த பெண்களின் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஒழுங்கு அது, எவரையும் குறைசொல்லிப் பயனில்லை. சங்கத்தின் முதல் அங்கத்தவர் பட்டியலிலும் பலர் திருமதி என்ற அடையோடு கணவரின் பெயரால் மாத்திரம் நிற்கிறார்கள். அவர்களில் அன்னம்மா யார், அருளம்மா யார் என்று எமக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான், பெயர் எழுதப்படாத தாய்க்கு ஹன்னா என்று பெயர் கொடுத்த அந்தப் பழைய மரபுகள் எமக்கு நன்றாக விளங்கின. அவர்களுக்கு விசாரித்தறிய யாரும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் தமக்குத் தெரிந்த மிக நல்ல பெயரைக் கொடுத்தார்கள். எமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. அம்மம்மாவின் பெயரைச் சொல்லக்கூடிய அம்மா பலருக்கு இருக்கிறார். பூட்டியின் பெயரைச் சொல்லக்கூடிய பெரியம்மாவோ சின்னம்மாவோ கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு ஏடுகளையும் படங்களையும் இழந்த குடும்பங்கள் எம்மில் பல. அவர்களுக்கு இனி மிஞ்சியிருப்பது வாய்ச்சொல் மாத்திரமே. இன்னும் பத்து ஆண்டுகளில் அதுவும் இராது.

ஆகவே அங்கத்தவர் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நூற்றாண்டு விழா நாளில் மண்டப வாசலில் வெறும் தாள்களாலான ஒரு பெரிய கொப்பி வைக்கப்படும். உங்கள் பெயரை எழுதுங்கள். அதன்கீழ் உங்கள் தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், தெரிந்தால் அதற்கு முன்னவரின் பெயர். பள்ளிப் பெயர் வேறு, வீட்டுப் பெயர் வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள். அந்தப் பெயரை யார் இட்டார், ஏன் இட்டார் என்பது நினைவிருந்தால் ஒரு வரியில் குறியுங்கள். பிறநாடுகளிலுள்ள கிளைச் சங்கத்தவர் கடிதமாக அனுப்பினால் நாம் ஒட்டிவைப்போம். நிறைந்த கொப்பி கல்லூரி நூலகத்தில் சேர்வு இடாப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கப்படும்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட மாணவியிடம் இதைச் சொன்னபோது, முதல் பக்கத்தில் எழுத அனுமதி கேட்டாள். வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொண்டு அடுத்த நாள் வந்து மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதினாள். மூன்றாவதாக அவள் எழுதிய பூட்டியின் பெயர் அன்னம்மா. சைவமோ வேதமோ என்று நாம் கேட்கவில்லை.